டிராக்டரிலும் ஆட்டோமாட்டிக் வண்டியிலும் நடுநிலைக் காப்புச் சுவிட்சைப் பரிசோதித்தலும் மாற்றுதலும்

தூத்துக்குடி ஜில்லாவில் விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி ஆகிய தாலுகாக்களின் கரிசற் காடுகளில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி முதலியன வடகிழக்குப் பருவ மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் தங்கும் நாட்கள் சிலவே. தாமிரபரணிப் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கங்களில் நெல்லுக்குச் சேறாக்கும் காலமும், தருவைகுளம், வேப்பலோடை, முள்ளக்காடு முதலிய இடங்களின் உப்பளங்களிலிருந்து மழைக்கு முன் உப்பை ஏற்றிச் செல்லும் காலமும் இவ்வாறே குறுகியவை. இவ்வேலைகளில் பெரும்பாலானவை இக்காலத்தில் டிராக்டரைக் கொண்டே நடைபெறுகின்றன.

இத்தகைய அவசர நாள் ஒன்றில் சாவியைத் திருப்பியும் டிராக்டர் உயிர் பெறாவிடில் உடையவருக்கு உண்டாகும் கவலை சொல்லத்தக்கதன்று. அந்நேரத்தில் ஓட்டுநரோ, அருகிலிருக்கும் ஒருவரோ, இரண்டு கம்பிகளை ஒன்றாய் முறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுப்பது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. வண்டி கிளம்பிவிடுவதால் அது பழுது பார்த்ததாகவே எண்ணப்படுகிறது. உண்மையில் அங்கே நடந்தது பழுது பார்த்தலன்று. ஓட்டுநரின் உயிரைக் காக்க வைத்த காவலை நீக்கியதேயாகும். அக்காவலின் தன்மையையும், அது கெட்டிருப்பதை அறியும் வழியையும், அதை முறைப்படி மாற்றும் விதத்தையும் விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சுவிட்சின் வேலை

மோட்டார் வண்டிகளை ஆதியில் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பினர். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் மோட்டார் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் அமைக்கப்பட்டது முதல் அந்தப் பிரயாசை படிப்படியாய் நீங்கிற்று. ஆனால் சௌகரியத்தோடு ஓர் அபாயமும் வந்தது. கியர் விழுந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழலுமாயின், அதன் பலமே வண்டியை முன்னோ பின்னோ தள்ளும். என்ஜினும் பிடித்துக்கொண்டால் வண்டி ஓடத் தொடங்கிவிடும்.

கிளச்சு மிதி இல்லாத ஆட்டோமாட்டிக் வண்டிகள் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் மாதிரியிலிருந்து அமெரிக்காவில் பெருவாரியாய் விற்பனைக்கு வந்தபின் இவ்வபாயத்தைத் தடுப்பது இன்னும் அவசியமாயிற்று. அந்நாட்டில் 1968-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதியொன்று, கியர்த் தண்டு முன்செல்லும் நிலையிலோ பின்செல்லும் நிலையிலோ இருக்கையில் ஸ்டார்ட்டர் வேலை செய்யலாகாது என்று கட்டாயப்படுத்தியது. 1974-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்திற் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் யந்திரங்கள் போன்றவற்றிலும் இதே நெறி அனுசரிக்கப்படுகிறது.

இக்கட்டுப்பாட்டைச் செய்வதே நடுநிலைக் காப்புச் சுவிட்சு ஆகும். பட்டறைகளில் இதை நியூட்ரல் சுவிட்சு என்பர். பாட்டரியிலிருந்து சாவிக்கும், சாவியிலிருந்து ரிலேக்கும், ரிலேயிலிருந்து ஸ்டார்ட்டரின் மேலுள்ள சாலினாய்டுக்கும் மின்சாரம் செல்லும் வழியில் இச்சுவிட்சு ஒரு மதகு போல் அமைந்துள்ளது. கியர் நடுநிலையில் இருந்தால் மதகு திறக்கும். ஏனைய நிலைகளில் மூடியிருக்கும்.

2. அமைந்துள்ள இடங்கள்

ஆட்டோமாட்டிக் மோட்டார் வண்டிகளில் இது பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் வெளிப்புறத்தில், கியர்த் தண்டால் திருப்பப்படும் அச்சின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் ஓட்டுநர் பக்கத்திலுள்ள கியர்த் தண்டின் அடியில் இருக்கும். நிறுத்த நிலை, நடுநிலை ஆகிய இரண்டில் மட்டும் இது ஸ்டார்ட்டருக்கு வழி விடும். பின்செல்லும் விளக்கை எரியச் செய்வதும் பல வண்டிகளில் இதே சுவிட்சுதான்.

டிராக்டர்களில் இது மூன்று விதமாய்க் காணப்படும். முதலாவது, கிளச்சு மிதியின் கீழுள்ள சுவிட்சு. மிதியை முற்றிலும் அழுத்தினாலொழிய இது வழி விடாது. இரண்டாவது, கியர்ப் பெட்டியின் மேல் அல்லது பக்கத்தில் மரையிட்டுத் திருகப்பட்டு, நுனியிலுள்ள சிறு குண்டால் கியர்த் தண்டின் நிலையை அறியும் சுவிட்சு. மூன்றாவது, ரோட்டவேட்டர் முதலிய கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் கைப்பிடியோடு சேர்ந்த சுவிட்சு. சில டிராக்டர்களில் இவற்றுள் ஒன்று மட்டும் இருக்கும். சிலவற்றில் இரண்டோ மூன்றோ ஒன்றன்பின் ஒன்றாய் இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, வண்டியோடு கொடுக்கப்பட்ட கைப்புத்தகத்தைப் பார்த்து, தம் டிராக்டரில் எவை உள்ளன என்பதை உடையவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

3. கடற்கரைப் பிரதேசத்தில் விரைவிற் கெடுவதன் காரணம்

கடற்காற்றில் உப்பு கலந்திருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. இவ்விரண்டும் சேர்ந்து சுவிட்சின் பித்தளை நுனிகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகின்றன. உப்பு ஏற்றும் டிரெய்லர்களை இழுக்கும் டிராக்டர்களில் இக்கேடு இன்னும் விரைவாய் வரும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. இவ்வாறு வெள்ளத்தில் நின்ற வண்டி காய்ந்தபின் நன்றாக ஓடினாலும், இணைப்புகளின் உட்புறத்தில் தங்கிய சேறும் ஈரமும் பல மாதங்கள் கழித்தே பழுதாய் வெளிப்படக்கூடும்.

களிம்பு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ரிலே இல்லாத பழைய டிராக்டரில் சாலினாய்டு 30 ஆம்பியர் மின்சாரத்தை இழுப்பதாகவும், களிம்பினால் சுவிட்சில் ஓம் என்னும் அளவிற் பத்தில் ஒரு பங்கு தடை உண்டாவதாகவும் கொண்டால், அந்த ஓரிடத்திலேயே 3 வோல்ட் விரயமாகும். 12 வோல்ட் பாட்டரியில் எஞ்சிய 9 வோல்ட்டால் சாலினாய்டு திடமாய் இழுக்க இயலாமற் போகலாம். பாட்டரி நன்றாயிருந்தும் வண்டி கிளம்பாததன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

4. பழுதின் இரு வகை

முதல் வகை, கிளம்ப வேண்டிய நிலையில் கிளம்பாமை. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இராது. முன்விளக்குகள் மட்டும் பிரகாசமாய் எரியும். கியர்த் தண்டைச் சிறிது அசைத்தாலோ, கிளச்சை இருமுறை மிதித்தாலோ கிளம்பும். ஆட்டோமாட்டிக் வண்டி நிறுத்த நிலையிற் கிளம்பாது, நடுநிலையிற் கிளம்பும். பின்செல்லும் விளக்கு எரியாமையும் ஒரு குறிப்பாகும்.

இரண்டாம் வகை, கிளம்பக்கூடாத நிலையிற் கிளம்புதல். கியர் விழுந்திருக்கும்போதும், கிளச்சை மிதியாமலும் ஸ்டார்ட்டர் சுழலும். முதல் வகை வேலையைக் கெடுப்பதால் உடனே கவனிக்கப்படுகிறது. இரண்டாம் வகையோ வேலைக்கு ஓர் இடைஞ்சலும் செய்யாதாகையால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடும். உயிருக்கு அபாயமானது இதுவே. எனவே விதைப்புக் காலம் தொடங்குமுன் ஒரு முறையேனும் எல்லா டிராக்டர்களையும் கீழே 7-ஆம் பகுதியிற் கூறியபடி சோதித்தல் நலம்.

5. பரிசோதனை

சுவிட்சின் மேற் குறை கூறுமுன் ஏனைய காரணங்களை நீக்கிக்கொள்ள வேண்டும்.

(அ) முழுவதும் ஏற்றப்பட்ட பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதன் முனைகளிற் பூத்த வெண்பொடியைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். வண்டியின் உடலோடு இணையும் தடித்த கம்பியையும் பார்க்க வேண்டும்.

(ஆ) பியூஸ் எரிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

(இ) வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, சாலினாய்டின் சிறு முனைக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இதனால் சோதனையின்போது ஸ்டார்ட்டர் சுழலாது. கழற்றிய கம்பிக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே 12 வோல்ட், 21 வாட் விளக்கொன்றை இணைத்து, கியரை நடுநிலையில் வைத்துக் கிளச்சை மிதித்து, இருக்கையில் உள்ள ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு பிரகாசமாய் எரிந்தால் அவ்வழி பெரும்பாலும் சரியானது. குறை ஸ்டார்ட்டரிலோ அதன் தடித்த கம்பிகளிலோ இருக்கக்கூடும். மங்கினாலோ எரியாவிட்டாலோ குறை வழியில் உள்ளது.

(ஈ) பின் சுவிட்சின் இணைப்பைப் பிரித்து, மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளுக்கிடையே தடையை அளக்க வேண்டும். வழி விடும் நிலையில் ஓர் ஓமுக்கும் குறைந்த தடையும், ஏனைய நிலைகளில் வழி முற்றும் அறுபட்ட குறியும் காட்டுவதே நல்ல சுவிட்சின் இலட்சணம். கியர்த் தண்டை அசைக்கும்போது அளவு நடுங்குமாயின் சுவிட்சு தேய்ந்துள்ளது.

புதிய வண்டிகள் பலவற்றில் இச்சுவிட்சு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் குறிப்பனுப்புவதாய் அமைந்துள்ளது. அவற்றில் விளக்கைக் கொண்டு சோதித்தால் பெட்டி கெடக்கூடும். மல்டிமீட்டரையே பயன்படுத்த வேண்டும்.

களிம்பு இணைப்பில் மட்டும் இருந்தால், அதற்கென விற்கப்படும் சுத்தம் செய்யும் திரவத்தால் நீக்கினாலே போதும். சில வண்டிகளில் சுவிட்சு நிலை பெயர்ந்திருப்பதே பழுதாயிருக்கும். அப்போது போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்தால் புதியது வாங்க வேண்டியதில்லை.

6. மாற்றும் முறை

வண்டியின் மாதிரி எண்ணையும் பழைய சுவிட்சில் உள்ள எண்ணையும் காட்டியே புதியதை வாங்க வேண்டும். பார்வைக்கு ஒத்திருப்பவை வேலையில் மாறுபட்டிருக்கும். ஒன்று அழுத்தினால் வழி விடும், மற்றொன்று அழுத்தினால் வழி அடைக்கும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பை முதலிய கருவிகளைத் தரையில் இறக்கி, முட்டுக்கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டரியின் கழித்தற் குறியுள்ள முனையை முதலிற் கழற்ற வேண்டும். காற்றுப்பை உள்ள மோட்டார் வண்டியாயின் அதன்பின் சில நிமிஷங்கள் பொறுத்திருத்தல் அவசியம். வண்டியின் கீழே படுத்து வேலை செய்ய நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும்.

ஆட்டோமாட்டிக் வண்டியில், கியர்த் தண்டை நடுநிலையில் வைத்து, பழைய சுவிட்சு இருந்த நிலையைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்ள வேண்டும். இணைப்பின் பூட்டை அழுத்தி அதைப் பிரிக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. அச்சின் மேலுள்ள நட்டையும் கையையும் கழற்றி, பின் சுவிட்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, அதை நேராய் வெளியே இழுக்க வேண்டும். அச்சிற் படிந்த துருவையும் மண்ணையும் துடைத்துவிட்டு, புதிய சுவிட்சை நடுநிலையில் வைத்துச் செருக வேண்டும். பலவற்றில் நடுநிலையைக் காட்டும் கோடோ, சிறு ஊசியைச் செருகி நேர்பார்க்கும் துளையோ இருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்திய பின்னரே போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

டிராக்டரின் கியர்ப் பெட்டியில் திருகப்பட்ட சுவிட்சாயின், சுற்றிலும் உள்ள சேற்றை முதலிற் கழுவித் துடைக்காவிடில் மண் கியர்ப் பெட்டிக்குள் விழும். அடியிலுள்ள வாஷரைத் தவறாமல் புதிதாக இட வேண்டும்; இல்லையேல் எண்ணெய் கசியும். வாஷரின் கனம் மாறினால் சுவிட்சின் குண்டு தண்டைத் தொடும் ஆழமும் மாறுமாதலால் பழைய கனத்திலேயே இட வேண்டும். முதலிற் கையால் திருகி, மரை சரியாய் ஏறுவதைக் கண்டபின் ஸ்பானரால் அளவாய் இறுக்க வேண்டும்.

கிளச்சு மிதிச் சுவிட்சாயின், மிதி அடிவரை சென்றபோது மட்டும் சுவிட்சின் நுனி முழுதும் அழுந்துமாறு அதன் நட்டுகளைச் சரிசெய்து பூட்ட வேண்டும்.

எல்லா வகையிலும், இணைப்பை மாட்டுமுன் மின் இணைப்புகளுக்கென விற்கும் சிலிக்கோன் கிரீஸை ரப்பர் ஓரத்தில் மெல்லத் தடவினால் உப்புக் காற்று உள்ளே புகாது. கடற்கரைக் கிராமங்களில் இதனால் சுவிட்சின் ஆயுள் பெரிதும் நீளும். முடிவில் பாட்டரி முனையை இறுக்கலாம்.

7. மாற்றிய பின் செய்ய வேண்டிய சோதனை

கிளம்புகிறது என்பதோடு வேலையை முடித்துவிடுவது பெருந்தவறு. கிளம்பலாகாத நிலைகளிற் கிளம்பவில்லை என்பதையும் நிச்சயித்துக்கொண்ட பின்னரே வேலை முடிந்ததாகும். வண்டியின் முன்னும் பின்னும் ஒருவரும், முக்கியமாய்ச் சிறுவரும் கால்நடையும், இல்லாதபடி பார்த்துக்கொண்டு, முட்டுக்கட்டைகளை வைத்தபடியே, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை அழுந்த மிதித்துக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் சாவியை ஒரு கணம் மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆட்டோமாட்டிக் வண்டி நிறுத்த நிலையிலும் நடுநிலையிலும் கிளம்ப வேண்டும். முன்செல்லும் நிலையிலும் பின்செல்லும் நிலையிலும் ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. கிளச்சுச் சுவிட்சு உள்ள டிராக்டர், கியர் நடுநிலையில் இருந்தாலும் கிளச்சை மிதியாவிடில் கிளம்பலாகாது. கியர்ச் சுவிட்சு உள்ளது, கிளச்சை மிதித்திருந்தாலும் கியர் விழுந்திருந்தால் கிளம்பலாகாது. பி.டி.ஓ. சுவிட்சு உள்ளது, அதன் கைப்பிடி இணைந்திருக்கையிற் கிளம்பலாகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் மறுபடி சரிசெய்யும்வரை வண்டியை வேலைக்கு விடலாகாது.

8. கம்பியை இணைத்து விடுவதன் கேடு

சுவிட்சின் இரு கம்பிகளையும் ஒன்றாய் முறுக்குவது ஒரு விதம். அதனினும் கொடியது, டிராக்டரின் பக்கத்தில் தரையில் நின்றவாறே திருப்புளியால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் சேர்த்துக் கிளப்புவது. அவ்விதம் நிற்பவர் முன்சக்கரத்துக்கும் பெரிய பின்சக்கரத்துக்கும் இடையே நிற்கிறார். கியர் விழுந்திருந்தால், டிராக்டர் நகர்ந்த முதற் கணத்திலேயே பின்சக்கரம் அவர்மேல் ஏறும். டீசல் என்ஜின் ஒரு முறை பிடித்துக்கொண்டால், திருப்புளியை எடுத்துவிட்டதால் நின்றுவிடாது. விலகுவதற்கு நேரம் இராது. உலகில் டிராக்டர்கள் ஓடும் பல நாடுகளில் இவ்வகை மரணங்கள் நேர்ந்துள்ளன.

எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாறும் டிராக்டர்களில் மற்றொரு வஞ்சகமும் உண்டு. என்ஜின் ஓடத் தொடங்கிச் சில கணங்கள் சென்று அழுத்தம் ஏறிய பின்னரே வண்டி நகரும். நகரவில்லையே என்று நம்பிச் சக்கரத்தின் எதிரே வருபவர் அப்போது அகப்பட்டுக்கொள்வார்.

முறுக்கிவிட்ட கம்பி, அதை முறுக்கியவருக்கு மட்டும் அபாயமன்று. அன்று அதைச் செய்தவர் கியரை நினைவில் வைத்திருப்பார். மறு வருஷம் அதே டிராக்டரை வாடகைக்கு ஓட்டும் வேறொருவருக்கோ, விளையாட்டாய்ச் சாவியைத் திருப்பும் வீட்டுப் பிள்ளைக்கோ அது தெரியாது.

அவசரம் மெய்யானதே, ஈரம் காத்திராது. எனினும் புதிய சுவிட்சு கிடைக்கும்வரை அடுத்த வீட்டு டிராக்டரையோ, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை யந்திரத்தையோ நாடுவதால் வரும் நஷ்டம் ஒரு மகசூலில் ஈடாகிவிடும். மற்ற நஷ்டத்துக்கு ஈடில்லை.

9. உடையவரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

பழைய டிராக்டரை விலைக்கு வாங்குவோர், என்ஜினையும் டயரையும் பார்ப்பதோடு, கியரை இட்டு மேற்கூறிய சோதனையையும் செய்து பார்த்தே விலை பேச வேண்டும். டிராக்டரை வாடகைக்கு விடுவோர், ஓட்டுநர் மாறுந்தோறும் அவர் முன்னிலையில் ஒரு முறை சோதித்துக் காட்டுதல் நன்று. கிராம அதிகாரிகள், விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் சமயங்களில் இதை நினைவூட்டி, வெள்ளத்தில் நின்ற வண்டிகளை முதலிற் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

இக்கடற்கரையில் 1961-ஆம் வருஷத்துக்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அத்தொழிலின் ஒரு நெறி இங்குள்ளோர் நன்கு அறிந்ததே. கல்லைப் பற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறவர் எவ்வளவு திறமை வாய்ந்தவராயினும், தோணியில் நம்பிக்கையுள்ள ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தால் அல்லாமல் இறங்கமாட்டார். கயிறு பிடிப்பவர் முத்தெடுப்பதில்லை. அதனால் அவர் வேண்டாதவர் என்று எவரும் எண்ணியதுமில்லை. டிராக்டரின் நடுநிலைக் காப்புச் சுவிட்சும் உழுவதில்லை, சுமை இழுப்பதில்லை. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது கயிற்றைப் பிடித்திருக்கிறது. அக்கயிறு அறுந்திருக்கக் கண்டால் புதியதை இடுவதே முறை.